அட்டவணையில் இல்லாத அயர்லாந்து: போட்டித் தேர்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

குரூப் 1, குரூப் 2, குடிமைப் பணித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் வழிகாட்டி நூல் எதைப் புரட்டினாலும் அந்த அட்டவணை இருக்கும். இடப்பக்கம் நாட்டின் பெயர், வலப்பக்கம் நம் அரசமைப்புச் சட்டம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது. பிரிட்டன், அமெரிக்கா, கனடா என்று போய் அயர்லாந்துக்கு வரும்போது மூன்று செய்திகள்: அரசு நெறிமுறைக் கோட்பாடுகள், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை, மாநிலங்களவைக்கு உறுப்பினர்களை நியமிப்பது. கேள்வி வந்தால் ஒன்றரை மதிப்பெண். விடை தெரிந்தவர் அரை நிமிடத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

உங்களை அந்த நடுச் செய்தியில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கத்தான் இதை எழுதுகிறேன். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் தலைமைப் பதவியை எந்தப் பயத்தில் உண்டாக்கினார்கள், அதில் உட்கார்ந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று தெரிந்தால், அவர்களிடம் நாம் வாங்காமல் விட்டது எது என்பதும் தெரியும். அட்டவணையில் அதற்கு இடம் ஒதுக்கவில்லை.

மூன்றாவது செய்தியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது பாதிதான் சரி. அயர்லாந்தின் மேலவையில் 60 பேர். அவர்களில் 11 பேர் நியமனம். அங்கே நியமிப்பவர் பிரதமர். குடியரசுத் தலைவருக்கு அதில் வேலையே இல்லை. நெறிமுறைக் கோட்பாடுகள் அவர்களுடைய 45-ஆவது பிரிவிலிருந்து வந்தவை. அதை வகுப்பில் உங்களுக்கு வேண்டிய அளவு சொல்லியிருப்பார்கள்.

இனி கதைக்கு வருவோம். 1921 டிசம்பரில் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு, சரியாக ஓராண்டு கழித்து அயர்லாந்து சுதந்திர அரசு பிறந்தது. பெயரில்தான் சுதந்திரம்; தலைமையில் பிரிட்டிஷ் மன்னர். நாடாளுமன்ற உறுப்பினர்கள் மன்னருக்கு விசுவாசம் சொல்லி உறுதிமொழி எடுக்க வேண்டும். அந்த உறுதிமொழியை ஏற்பதா, மறுப்பதா என்பதில்தான் நேற்றுவரை தோளோடு தோள் நின்று போராடியவர்கள் இரண்டாகப் பிளந்து, உள்நாட்டுப் போரில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களின் தலைவர் ஏமன் டி வலேரா. நாட்டின் தலைவராக யார் இருப்பது என்ற கேள்வி அங்கே ரத்தம் சிந்திய கேள்வி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மன்னருக்குப் பதிலாக டப்ளினில் ஒரு கவர்னர் ஜெனரல் இருந்தார். முதலாமவர் டிம் ஹீலி, பழைய நாடாளுமன்றவாதி. ஃபீனிக்ஸ் பூங்காவில் பிரிட்டிஷ் வைஸ்ராய்கள் வாழ்ந்த அதே வெள்ளை மாளிகையில் அவரைக் குடிவைத்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு 'அங்கிள் டிம்ஸ் கேபின்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அடிமை முறையைப் பற்றிய அந்தப் பிரபலமான அமெரிக்க நாவலின் தலைப்பில் ஒரே எழுத்தை மாற்றினால் போதுமாயிருந்தது.

இரண்டாமவர் ஜேம்ஸ் மக்னீல். இவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பம்பாய் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் நிலையை ஆராய இந்திய அரசு அனுப்பிய இருவர் குழுவில் ஒருவர். மற்றவரான சிமன்லாலும் இவரும் டிரினிடாட், பிரிட்டிஷ் கயானா, ஜமைக்கா, பிஜி, சுரினாம் எல்லாம் சுற்றிவந்து எழுதிய அறிக்கை 1915-இல் வெளியானது. சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903 முதல் பிஜிக்குக் கப்பலேறிய நம்மவர்களின் கதையும் அந்த விசாரணைக்குள் அடங்கும். குறைகளைப் பட்டியலிட்டாலும் மொத்தத்தில் நன்மையே மிகுதி என்று அந்த அறிக்கை முடித்தது. அதைப் படித்துவிட்டு மக்னீல்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வரவில்லை. ஆனால் 1932-இல் சொந்த நாட்டில் அவருக்கு நடந்ததைப் படித்தால் பரிதாபம் வருகிறது.

அந்த ஆண்டு டி வலேரா தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தார். கவர்னர் ஜெனரல் பதவியை ஒரே நாளில் ஒழிக்க முடியாது. ஆனால் அதில் இருப்பவரை மதிக்காமல் இருக்கலாம். டப்ளினில் பிரெஞ்சுத் தூதரகத்தில் ஒரு விருந்து. மக்னீல் உள்ளே வந்ததும் இரண்டு அமைச்சர்கள் எழுந்து வெளியே போனார்கள். ஒருவர் ஃபிராங்க் எய்கன். இன்னொருவர் ஷான் டி. ஓகெல்லி. இரண்டாவது பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும். அவமதிப்புகள் தொடர்ந்தன. மக்னீல் பொறுத்துப் பார்த்துவிட்டு, அரசு தடுத்தும் கேளாமல், டி வலேராவுக்கும் தனக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். சில மாதங்களில் பதவி போயிற்று.

அடுத்து டி வலேரா செய்ததுதான் அரசியல் தந்திரத்தின் உச்சம். மேனூத் என்ற சிற்றூரில் கடை வைத்திருந்த டோனல் ஊவா பூக்கலாவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சிக்கு ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு டப்ளினுக்குப் போனவர் அவர். அதற்கு முன்பே, தன் வண்டியில் பெயரை ஐரிஷ் எழுத்தில் எழுதியதற்காக நீதிமன்றம் ஏறியவர். வைஸ்ராய் மாளிகைக்கு அவர் போகவில்லை. புறநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். விழா இல்லை, விருந்து இல்லை. வருகிற மசோதாவில் கையெழுத்துப் போடுவதே வேலை. பதவியை ஒழிக்க முடியாதபோது அதை யாரும் கவனிக்காத ஒன்றாக ஆக்கிவிடுவது. ஆளில்லாத பதவியைவிட, ஆள் இருந்தும் மதிப்பில்லாத பதவியை ஒழிப்பது எளிது என்று டி வலேரா கணக்குப் போட்டிருந்தார்.

கணக்கு பலித்தது. 1936 டிசம்பரில் மன்னர் எட்டாம் எட்வர்ட் காதலுக்காக முடி துறந்தார். லண்டன் குழம்பி நின்ற அந்த நேரத்தில், டிசம்பர் 11 அன்று டப்ளின் நாடாளுமன்றத்தை அவசரமாகக் கூட்டி, அரசமைப்பிலிருந்து மன்னரையும் கவர்னர் ஜெனரலையும் ஒரே மூச்சில் நீக்கினார்கள். மறுநாள் இன்னொரு சட்டம்: வெளிநாட்டுத் தூதர் நியமனம் போன்றவற்றுக்கு மட்டும் மன்னரின் பெயர் தொடரும். வாசலில் அனுப்பிவிட்டு ஜன்னலில் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள்.

பழைய பதவியை ஒழித்தாயிற்று. அந்த இடத்தில் எதை வைப்பது? வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஜான் ஹெர்ன் துணையோடு டி வலேரா புதிய அரசமைப்பை வரைந்தார். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு குடியரசுத் தலைவர் அதில் இருந்தார். ஐரோப்பாவில் ஹிட்லரும் முசோலினியும் கொடிகட்டிப் பறந்த 1937-ஆம் ஆண்டு அது. எதிர்க்கட்சியினர் அலறியதில் வியப்பில்லை. மக்கள் வாக்கோடு வருகிற ஒருவர், டி வலேராவே கூட, நாளைக்குச் சர்வாதிகாரி ஆகமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார்கள்.

மன்னரைப் பற்றிய வெறுப்பும் சர்வாதிகாரியைப் பற்றிய அச்சமும் சேர்ந்து அந்தப் பதவியை வடித்தன. ஏழாண்டுப் பதவிக்காலம், இரண்டு முறைக்கு மேல் கூடாது, 35 வயது நிரம்ப வேண்டும். அரசின் சம்மதம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. நாடாளுமன்றத்துக்கோ நாட்டு மக்களுக்கோ தேச முக்கியத்துவம் உள்ள விஷயத்தில் உரையாற்ற வேண்டுமென்றால் அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பணிகள் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான்.

அதே சமயம், இந்த இடத்தில் அவர் யார் சொல்லையும் கேட்க வேண்டியதில்லை என்று சில இடங்களைப் பெயர் சொல்லி எழுதி வைத்தார்கள். முக்கியமானவை இரண்டு. கீழவையில் பெரும்பான்மை இழந்த பிரதமர் அவையைக் கலைக்கச் சொன்னால், தலைவர் தன் முழு விருப்புரிமையில் மறுக்கலாம். ஒரு மசோதா அரசமைப்புக்கு முரணானது என்று ஐயம் வந்தால், 26-ஆவது பிரிவின்படி ஆலோசனை மன்றத்தைக் கலந்துகொண்டு உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். மன்றத்தைக் கேட்பது கட்டாயம். கேட்டபடி நடப்பது கட்டாயமில்லை. மசோதா தன் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். நீதிமன்றம் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அனுப்பவில்லை என்றால் சாதாரணமாக ஐந்தாம் நாளுக்கு முன்னும் கூடாது, ஏழாம் நாளுக்குப் பின்னும் கூடாது, அந்த இடைவெளிக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

இந்த ஏழு நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வையுங்கள். நம் அரசமைப்பின் 111-ஆவது பிரிவிலும் 200-ஆவது பிரிவிலும் இப்படி ஓர் எண்ணைத் தேடினால் கிடைக்காது. தமிழ்நாட்டு மசோதாக்களை ஆளுநர் கிடப்பில் வைத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு காலக்கெடு விதித்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள், அப்படிக் காலக்கெடு விதிக்க நீதிமன்றத்தால் முடியாது என்று கருத்துச் சொன்னார்கள். அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947-இன் இறுதியில் டப்ளின் போய் டி வலேராவைச் சந்தித்துவிட்டு வந்தவர். ஏழு நாள் என்று எழுதிய சட்டம் நம்மவர்கள் மேசைமேல் இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை.

1937 ஜூலை 1 அன்று மக்கள் வாக்களித்தார்கள். ஆதரவு 6,85,105, எதிர்ப்பு 5,26,945. அமோகம் என்று சொல்ல முடியாது. டிசம்பர் 29 அன்று அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது.

சர்வாதிகாரி வருவார் என்று பயந்தவர்களின் வாயை அடைக்க அவர்கள் தேர்ந்தெடுத்த முதல் ஆளைப் பாருங்கள். டக்ளஸ் ஹைட். 78 வயது. கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக இருந்த நாட்டில் புராட்டஸ்டன்ட். ஐரிஷ் மொழியை மீட்க 1893-இல் கேலிக் சங்கத்தைத் தொடங்கிய அறிஞர், கவிஞர். எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொண்டதால் போட்டியே இல்லை. 1938 ஜூனில் பதவியேற்று பழைய வைஸ்ராய் மாளிகைக்குக் குடிபோனார். அதற்கு இப்போது ஐரிஷ் மொழியில் ஆரஸ் அன் ஊக்தரான் என்று பெயர். சர்ச்சைக்கு இடமில்லாதவர் என்று நினைத்தால், நவம்பரில் போலந்துக்கு எதிரான கால்பந்துப் போட்டியைப் பார்க்கப் போனார். 'அந்நிய' ஆட்டங்களை விலக்கி வைத்திருந்த கேலிக் விளையாட்டுச் சங்கம் அந்த டிசம்பரிலேயே அவரைத் தன் புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கியது. நாட்டின் தலைவர் நாட்டின் அணி ஆடுவதைப் பார்த்தது குற்றம்.

அவர் நாட்டின் தலைவர்தானா என்பதிலேயே வழக்கு இருந்தது. புதிய அரசமைப்பு 'குடியரசு' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டது. அரசின் தலைவர் யார் என்றும் சொல்லவில்லை. தூதர்களின் நியமனப் பத்திரத்தில் மன்னர் ஆறாம் ஜார்ஜின் கையெழுத்து. 1939-இல் பெர்லினில் இருந்த ஐரிஷ் தூதர் விலகினார். புதியவரை அனுப்ப வேண்டுமென்றால், ஹிட்லரோடு போர் தொடுத்திருக்கும் பிரிட்டிஷ் மன்னர் அதே ஹிட்லருக்கு நியமனக் கடிதம் எழுத வேண்டும்! டி வலேரா தூதரையே அனுப்பாமல், அதற்குக் கீழ்நிலைப் பொறுப்பாளர்களையே வைத்துப் போர் முடியும்வரை சமாளித்தார். 1945-இல் இது குடியரசா இல்லையா என்று அவையில் கேட்டபோது, அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் எடுத்து வந்து வாசித்துக் காட்டினார்.

இந்தக் குழப்பத்தை முடித்து வைத்தவர், அவருக்கு அடுத்துப் பிரதமரான அவருடைய எதிரி ஜான் காஸ்டெல்லோ. 1949 ஏப்ரல் 18, ஈஸ்டர் திங்களன்று அயர்லாந்து முறைப்படி குடியரசாகி, காமன்வெல்த்திலிருந்தும் வெளியேறியது. அதே மாத இறுதியில் லண்டனில் கூடிய தலைவர்கள், இந்தியா குடியரசாகியும் காமன்வெல்த்தில் நீடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு நாடு கதவைத் திறந்து வெளியே போன மாதத்தில் இன்னொரு நாட்டுக்காகக் கதவின் அளவையே மாற்றினார்கள்.

ஹைட் அந்த ஜூலையில் காலமானார். டப்ளின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் இறுதிச் சடங்கு. புராட்டஸ்டன்ட் வழிபாட்டில் கத்தோலிக்கர் கலந்துகொள்ளக் கூடாது என்பது அன்றைய திருச்சபை விதி. காஸ்டெல்லோவின் அமைச்சர்கள் பேராலயத்துக்கு வெளியே கார்களில் உட்கார்ந்திருந்தார்கள். நோயல் பிரவுன் என்ற இளம் அமைச்சர் மட்டும் உள்ளே போனார். டி வலேராவும் வரவில்லை. தன் சார்பில் புராட்டஸ்டன்டான எர்ஸ்கின் சில்டர்ஸை அனுப்பினார். சர்வாதிகாரி வந்துவிடுவார் என்று பயந்த நாடு, தன் முதல் தலைவரின் சடங்குக்கு உள்ளே போகத் தயங்கி நின்றது.

ஹைட்டுக்குப் பின் 1945-இல் வந்தவர், நான் நினைவில் வைக்கச் சொன்ன ஓகெல்லி. மன்னரின் பிரதிநிதியைக் கண்டதும் விருந்திலிருந்து வெளியேறியவர், அந்தப் பிரதிநிதியின் மாளிகையில் 14 ஆண்டு வாழ்ந்தார். அதன்பின் 1959-இல் டி வலேராவே. பிரதமர் வேலையை விட்டுவிட்டு, கண்பார்வை பெரும்பாலும் போன நிலையில், தானே வடித்த நாற்காலிக்கு வந்தார். அவர் தேர்தல் நடந்த ஜூன் 17 அன்றே ஒரு பொது வாக்கெடுப்பும் நடந்தது. விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் ஒற்றை மாற்று வாக்கு முறையை நாடாளுமன்றத் தேர்தலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய கட்சியின் யோசனை. மக்கள் ஒரு பெட்டியில் அவரைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துப் பெட்டியில் அவர் யோசனையைத் தள்ளினார்கள். 1966-இல் இரண்டாம் முறை நின்றபோது சுமார் 10,000 வாக்கில்தான் தப்பினார். 90 வயதில் ஓய்வு பெற்றார்.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்று குறுக்கே வருகிறது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெர்ஹாம்பூரில் பிறந்த ஓர் இளைஞர் 1913-இல் டப்ளினுக்குச் சட்டம் படிக்கப் போனார். ஐரிஷ் போராளிகளின் பக்கம் மனம் போயிற்று. 1916 எழுச்சிக்குப் பின் நாடு திரும்பினார். அவர் வி.வி. கிரி. 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் முதல் விருப்பு வாக்குகளில் யாருக்கும் தேவையான எண்ணிக்கை கிடைக்காமல், இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணித்தான் கிரி வென்றார். அயர்லாந்திடமிருந்து பெற்ற முறை என்று நீங்கள் படிக்கும் அந்த முறை, முடிவை உண்மையில் தீர்மானித்த நம் தேர்தல் அது ஒன்றே. அதில் வென்றவர் டப்ளினில் படித்தவர். இந்தத் தகவல் அட்டவணையில் ஏறாதது எனக்கு ஆறாத குறை.

டி வலேராவுக்குப் பின் சில்டர்ஸ். அவருடைய தந்தையை 1922-இல் உள்நாட்டுப் போரின்போது சுதந்திர அரசு சுட்டுக் கொன்றது. பதினாறு வயது மகனிடம், தன் சாவுக்குக் காரணமானவர்களின் கையைப் பிடித்துக் குலுக்கச் சொல்லிவிட்டுப் போனார் தந்தை. அந்த மகன் 1973-இல் நாட்டின் தலைவரானார். 1974 நவம்பரில் பதவியிலேயே மாரடைப்பால் இறந்தார். அவருக்கும் அதே செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில்தான் சடங்கு. இம்முறை யாரும் காரில் காத்திருக்கவில்லை.

அடுத்தவரிடம்தான் இந்தப் பதவியின் முழு உருவமும் தெரிகிறது. கார்வல் ஓ டாலி, முன்னாள் தலைமை நீதிபதி. 1976-இல், பிரிட்டனின் ஆட்சியில் இருந்த வட அயர்லாந்தின் வன்முறை தெற்கிலும் பரவியபோது, சந்தேகத்துக்குரியவரை ஏழு நாள் வரை காவலில் வைக்க அனுமதிக்கும் நெருக்கடிக்கால மசோதாவை லியம் காஸ்கிரேவ் அரசு கொண்டுவந்தது. ஓ டாலி அதை 26-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நீதிமன்றம் செல்லும் என்றது. அக்டோபர் 16 அன்று கையெழுத்திட்டார். சட்டப்படி எல்லாம் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து, மல்லிங்கர் என்ற ஊரின் ராணுவ முகாமில் பாதுகாப்பு அமைச்சர் பேடி டோனகன் பேசினார். எழுதிவைத்த உரையை விட்டு விலகி, மசோதாவை நீதிமன்றத்துக்கு அனுப்பிய தலைவர் ஒரு படுகேவலம் என்ற பொருளில் திட்டினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ராணுவ அதிகாரிகள். அரசமைப்பின்படி அந்த ராணுவத்தின் உச்சத் தளபதி குடியரசுத் தலைவர். செய்தியாளர் ஒருவர் இருந்ததால் விஷயம் வெளியே வந்தது. டோனகன் மன்னிப்புக் கேட்டு, விலகவும் முன்வந்தார். பிரதமர் ஏற்கவில்லை. அவரை நீக்கக் கோரும் தீர்மானம் கீழவையில் 58-க்கு 63 என்று தோற்றது. மறுநாள், அக்டோபர் 22 அன்று, ஓ டாலி பதவி விலகினார். தன் நேர்மைக்காகவும், அந்தப் பதவியின் கண்ணியத்தையும் சுதந்திரத்தையும் காப்பதற்காகவும் போகிறேன் என்று அறிவித்தார்.

இதற்கு 16 மாதம் முன்பு, 1975 ஜூன் 25 இரவு, நம் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டிருந்தார். அமைச்சரவை மறுநாள் காலையில்தான் கூடியது. ஓ டாலி விலகிய இரண்டே மாதத்தில், 1976 டிசம்பரில் 42-ஆவது திருத்தம் வந்தது. அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நம் தலைவர் நடக்க வேண்டும் என்று அதில் பளிச்சென எழுதினார்கள். ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்ற சிறு இடைவெளியை 1978-இன் 44-ஆவது திருத்தம் கொடுத்தது. இரு நாடுகளின் சூழல் வேறு. தனி மனிதர்களை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது எளிது, அதை நான் செய்யவில்லை. ஆனால் ஓ டாலிக்கு 26-ஆவது பிரிவு கையில் இருந்தது. நம்மவருக்கு உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் 143-ஆவது பிரிவு இருந்தாலும் அதையும் அமைச்சரவை சொன்னால்தான் எடுக்க முடியும்.

26-ஆவது பிரிவில் ஒரு முள்ளும் உண்டு. தலைவர் அனுப்பி, நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்ட சட்டத்தை அதன்பின் யாரும் எந்தக் காலத்திலும் அரசமைப்புக்கு முரண் என்று எதிர்த்து வழக்குப் போட முடியாது. பின்னாளில் பாதிக்கப்படப்போகும் குடிமகனின் கதவைத் தலைவர் இன்றே அடைத்துவிடுகிறார். அதனால்தான் 1938 முதல் இன்றுவரை இப்படிப் போன மசோதாக்கள் இருபதைத் தொடவில்லை. சந்தேகம் இருந்தும் அனுப்பாமல் கையெழுத்திடுவதே சில நேரம் குடிமகனுக்குச் செய்யும் நன்மை.

கீழவையைக் கலைக்க மறுக்கும் அதிகாரத்தை இதுவரை ஒருவரும் பயன்படுத்தியதில்லை. 1944-இல் டி வலேரா ஒரே வாக்கில் தோற்று வந்து கேட்டபோது ஹைட் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தார். 1982 ஜனவரியில் கேரட் ஃபிட்ஸ்ஜெரால்ட் அரசின் பட்ஜெட் தோற்றது. அன்றிரவு எதிர்க்கட்சியிலிருந்து மாளிகைக்கு மாறி மாறித் தொலைபேசி அழைப்புகள்: கலைக்காதீர்கள், எங்களை ஆட்சி அமைக்க விடுங்கள். தலைவராக இருந்த பேட்ரிக் ஹில்லரி அந்தக் கட்சியிலிருந்து வந்தவர்தான். பேச மறுத்துவிட்டு, கலைப்புக்குக் கையெழுத்திட்டார். 14 ஆண்டு போட்டியே இல்லாமல் இருந்துவிட்டுப் போன சலிப்பான தலைவர் என்று ஹில்லரியைச் சொல்வார்கள். அந்த ஓர் இரவுக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

அந்த அழைப்புகள் எட்டாண்டு கழித்து ஒருவரைக் கவிழ்த்தன. 1990 தேர்தலில் முன்னணியில் இருந்த பிரையன் லெனிஹன், நான் அன்று அழைக்கவே இல்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார். அழைத்ததாக அவரே ஓர் ஆய்வு மாணவரிடம் பேசிய ஒலிநாடா வெளியே வந்தது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு துணைப் பிரதமர் பதவி போயிற்று. அப்படியும் முதல் எண்ணிக்கையில் லெனிஹனுக்கு 44 சதவீதம், வழக்கறிஞர் மேரி ராபின்சனுக்கு 39, மூன்றாமவருக்கு 17. மூன்றாமவரின் வாக்குச்சீட்டுகளில் இருந்த இரண்டாம் விருப்பம் ராபின்சனைத் தூக்கிவிட்டது. ஒற்றை மாற்று வாக்கு என்ன செய்யும் என்று யாராவது கேட்டால், கிரியையும் ராபின்சனையும் சொல்லுங்கள். சூத்திரம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

ராபின்சன் அரசமைப்பில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் பதவியை மாற்றினார். மாளிகைச் சமையலறை ஜன்னலில், பிழைப்புக்காக நாட்டை விட்டுப் போனவர்களை நினைத்து ஒரு விளக்கை ஏற்றிவைத்தார். 1992-இல் பஞ்சம் பாதித்த சோமாலியாவுக்குப் போனார். நேரடி வாக்கு கொடுக்கும் தெம்பு இதுதான்: அதிகாரம் இல்லாதவருக்கும் குரல் இருக்கும். நம் தலைவரைச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நேரடித் தேர்தல் வைத்தால் பிரதமருக்குப் போட்டியாக ஒரு மையம் உருவாகும் என்று அரசமைப்பு அவையில் அஞ்சினார்கள். அயர்லாந்தின் அனுபவம் அந்த அச்சத்தை முழுவதும் பொய்யாக்கவில்லை என்றாலும், அவ்வளவு பயந்திருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து வந்த மேரி மக்கலீஸ் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். வட அயர்லாந்தில் வசித்ததால் 1997-இல் தனக்கே வாக்களிக்க முடியவில்லை. அவர் காலத்தில், 2011 மே மாதம், இரண்டாம் எலிசபெத் டப்ளின் வந்தார். சுதந்திர அயர்லாந்துக்கு ஒரு பிரிட்டிஷ் மன்னரோ அரசியோ வந்தது அதுவே முதல் முறை. பிறகு கவிஞர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் 14 ஆண்டுகள்.

2025 அக்டோபர் 24 அன்று நடந்த தேர்தலில் சுயேச்சை உறுப்பினர் கேத்தரின் கானலி 63 சதவீதத்துக்கு மேல் முதல் விருப்பு வாக்குகளோடு வென்று பத்தாவது தலைவரானார். அதே நாளில் 2,13,000-க்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகள் செல்லாதவையாயின, எட்டில் ஒன்று. அவற்றில் பல வேண்டுமென்றே கெடுக்கப்பட்டவை. வேட்பாளராக 20 நாடாளுமன்ற உறுப்பினர்களோ நான்கு உள்ளாட்சி மன்றங்களோ முன்மொழிய வேண்டும். மரியா ஸ்டீன் என்ற பழமைவாதிக்கு 18 கையெழுத்துதான் கிடைத்தது. களத்தில் நின்ற மூவரில் ஒருவர் பாதியில் விலகியும் பெயர் சீட்டில் அச்சாகியிருந்தது. சர்வாதிகாரி வரக் கூடாது என்று 1937-இல் கட்டிய வேலி, இன்று வாக்காளருக்குத் தேர்வே இல்லாமல் செய்கிறது என்று அங்கே பலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

வட அயர்லாந்தில் வாழும் ஐரிஷ் குடிமக்கள் இந்தப் பதவிக்குப் போட்டியிடலாம், வாக்களிக்க முடியாது. மக்கலீஸுக்கு நேர்ந்தது 2025-இலும் மாறவில்லை. வெளியே வாழும் குடிமக்களுக்கு வாக்குரிமை தருவது பற்றிப் பொது வாக்கெடுப்பு நடத்துவதாக டப்ளின் அரசுகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. கானலியின் பதவிக்காலம் 2032 வரை.

அன்புடன்,
உங்களுக்கு முன் அதே அட்டவணையை மனப்பாடம் செய்த ஒருவன்